தம்மாத்தூண்டு வயிறு... தலை சுற்றும் தகவல்கள்!

வீட்டுப் பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டதா? கிண்ணமும் கரண்டியும் எடுத்தாச்சா? கொஞ்சம் இருங்கள்! அந்தக் குட்டிக் கிண்ணத்துக்குள் எத்தனை அதிசயம் ஒளிந்திருக்கிறது தெரியுமா? தோண்டித் துருவி எடுத்து வந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் முத்து! நீங்களே பாருங்கள்.

எட்டு கிலோ குழந்தையின் வயிறு எவ்வளவு கொள்ளும்? கிலோவுக்கு 30 மில்லி என்பது கணக்கு. பெருக்கிப் பாருங்கள். 240 மில்லி. நம் வீட்டு டம்ளரில் ஒரு டம்ளர். அவ்வளவேதான்!

அந்த ஒரு டம்ளர் வயிற்றை வைத்துக்கொண்டு அது செய்கிற வேலையைக் கேளுங்கள். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோ! நீங்கள் 60 கிலோவா? அதே வேகத்தில் போனால் அடுத்த வருடம் இதே நாளில் 180 கிலோ!

மூளை? முதல் வருடத்திலேயே ஏறத்தாழ இரட்டிப்பு!

ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் தினமும் எத்தனை கலோரி தேவை? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 200. சுமாராக மூன்றரை இட்லி! ஒன்பது மாதத்தில் 300. ஒரு வயது தாண்டினால் 550!

இப்போது ஒரு குண்டு. வீட்டில் யாருக்கு இரும்புச்சத்து அதிகம் தேவை? அப்பாவுக்கா, எட்டு மாதப் பாப்பாவுக்கா? அமெரிக்கப் பரிந்துரையில் அப்பாவுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம். பாப்பாவுக்கு 11! மீசை வைத்த மனிதரை, பல் முளைக்காத ஆள் மிஞ்சிவிட்டது!

தாய்ப்பாலில் ஏறக்குறைய எல்லாம் உண்டு. இரும்போ ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. பின்னே எப்படி ஓடுகிறது வண்டி? அம்மா வயிற்றிலேயே சேமித்து எடுத்து வருகிறது பாப்பா. அந்தச் சேமிப்பு கரைகிற நேரம் எது தெரியுமா? ஏறக்குறைய ஆறாவது மாதம்!

அன்னப்பிராசனத்தை எப்போது வைத்தார்கள் நம் முன்னோர்? பையனுக்கு ஆறு, எட்டு என்று இரட்டைப்படை மாதம். பெண்ணுக்கு ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை. இரும்புக் கணக்கு தெரியாத காலத்திலேயே சரியாக அந்த இடத்தைச் சுற்றித்தான் வட்டமிட்டிருக்கிறார்கள்!

பாப்பா முதல் வாயை நாக்கால் வெளியே தள்ளுகிறதா? பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்காதீர்கள். வாயில் வரும் எதையும் வெளியே தள்ளுவது பிறவியிலேயே வந்த அனிச்சைச் செயல். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது தானாக மறையும். உங்கள் கைமணத்தில் குறையே இல்லை!

பச்சைக் குழந்தைக்கு இனிப்பு தெரியும். கசப்பு தெரியும். உப்பு? ஏறக்குறைய நான்கு மாதம் வரை அதற்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை! ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் கிட்டவே கொண்டுவராதீர்கள் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். எங்கள் அம்மா கையிலிருந்து கருப்பட்டியைப் பிடுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

கஞ்சித் தண்ணீர் கலாட்டா

கையில் ஒரு தேக்கரண்டி எடுங்கள். குழந்தைக்குச் செய்த உணவை அள்ளுங்கள். கரண்டியைச் சாயுங்கள். ஓடிப் போய்விட்டதா? தண்ணி! மெல்ல வழுக்குகிறதா? பாஸ்! உலகம் முழுக்க ஊட்டச்சத்துக்காரர்கள் சொல்லிக்கொடுக்கும் பரீட்சை இவ்வளவுதான்!

பருப்புத் தண்ணீர், சாதம் வடித்த கஞ்சி என்று ஊட்டுகிறீர்களா? கணக்குப் போடுவோம் வாருங்கள். 15 கிராம் அரிசி மாவு, கால் லிட்டர் தண்ணீர். மொத்தமே 52 கலோரி. அதே கால் லிட்டர் தாய்ப்பாலில்? 165க்கு மேல்! அதாவது தாய்ப்பாலில் மூன்றில் ஒரு பங்கு சத்தே உள்ள ஒன்றைக் கொடுத்து, அந்த ஒரு டம்ளர் வயிற்றை அடைத்துவிட்டோம்!

பருப்பை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் இறுத்துக் கொடுத்த தலைமுறை நாம். குழந்தைக்குத் தண்ணீர். பருப்பு மாமனார் தட்டில்!

ஒரு தேக்கரண்டி நெய்? 45 கலோரி! மேலே சொன்ன கஞ்சியில் விட்டுப் பாருங்கள். ஒரே கரண்டியில் கிட்டத்தட்ட டபுள்!

கெட்டியாகக் காய்ச்சினால் பாப்பா விழுங்காது. தண்ணியாகக் காய்ச்சினால் சத்து இல்லை. என்ன செய்வது? இங்கேதான் வருகிறது என்னுடைய கண்டுபிடிப்புகளிலேயே ராஜா. முளைகட்டிய தானியம்!

தானியம் முளைவிடும்போது அதற்குள் ஒரு நொதி பிறக்கிறது. பெயர் அமைலேஸ். மாவுச்சத்தைத் துண்டு துண்டாக நறுக்குவதுதான் அதன் வேலை. கரண்டி நட்டால் நிற்கிற கெட்டிக் கஞ்சி. சூடு கொஞ்சம் தணிந்ததும் முளைகட்டிய மாவு சிறிதளவு போட்டுக் கலக்குங்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கஞ்சி இளகி ஓடும்! ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஒரு கலோரிகூடக் குறையவில்லை! பிறகு ஒரு கொதி விட்டு இறக்கினால் போதும்.

கண்கட்டு வித்தை என்கிறீர்களா? 1980களில் பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இதைச் சோதனைச்சாலையில் வைத்து அளந்தே காட்டினார்கள்!

இன்னொன்று. ஜெர்மனியின் பெரிய வேதியியல் மேதை லீபிக். 1860களில் 'குழந்தைகளுக்கான சூப்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது. உள்ளே என்ன? கோதுமை மாவு, பால், கூடவே முளைகட்டிய தானிய மாவு! இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பார் எங்கள் ஆச்சி!

காய்ந்த பச்சைப்பயறில் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை. இரண்டே நாள் ஈரத்துணியில் கட்டி வையுங்கள். எங்கிருந்தோ வந்து நிற்கும்! வெளியிலிருந்து எதுவும் சேர்க்கவில்லை, தண்ணீரைத் தவிர!

முளைகட்டுவது பெரிய வித்தையா என்ன? கேழ்வரகைக் கல் பொறுக்கி, நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி, ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் வடித்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். காயக் காய ஈரம் தெளியுங்கள். மறுநாள் மூட்டையைப் பிரித்தால், சிவப்பு மணி ஒவ்வொன்றிலும் வெள்ளை மீசை! நிழலில் உலர்த்தி, வாசம் வரும்வரை லேசாக வறுத்தால் போதும். கருக வறுத்தீர்களோ, அமைலேஸ் அவுட்!

சத்துமாவுக்கு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி வறுக்கிறீர்களா? தப்பு! பொட்டுக்கடலை சட்டியைப் பார்த்தாலே சிவக்கும். பச்சைப்பயறு நின்று நிதானமாக வாசம் விடும். அரிசி பொரிந்து வெள்ளையாகும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தால்தான் மாவு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்!

மாவு மில்லுக்கு விடிகாலையில் போக வேண்டும். ஏன் தெரியுமா? மிளகாய் வந்துவிடும்! முந்தின ஆள் மிளகாய்த்தூள் அரைத்த மெஷினில் என் தம்பி மகளின் சத்துமாவைக் கொட்டி வாங்கி வந்தேன் ஒருநாள். ஒரே ஒரு கரண்டி. பாப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இப்போதெல்லாம் முதலில் இரண்டு பிடி பச்சரிசி போட்டு ஓட்டச் சொல்கிறேன். அந்த மாவு கோலத்துக்கு. அடுத்து வருவதுதான் பாப்பாவுக்கு!

100 கிராம் கேழ்வரகில் கால்சியம் எவ்வளவு? 364 மில்லிகிராம்! 100 மில்லி பசும்பாலில்? சுமார் 120. வெள்ளை அரிசியில்? பத்துகூட இல்லை!

கேழ்வரகுப் பால் எடுத்திருக்கிறீர்களா? ஊறியதை அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, அசையாமல் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கெட்டி மாவு. அந்த மாவை அடுப்பில் வைத்துக் கிண்டும்போது ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள், கட்டி தட்டிவிடும்! கை எடுக்கவே கூடாது. சாக்லேட் நிறத்துக்கு மாறி, பளபளவென்று சட்டியை விட்டு நழுவும். அப்போதுதான் வெந்தது என்று அர்த்தம்!

ஊர் ஊராக ஒரு ரவுண்டு!

கன்னியாகுமரிப் பக்கம் பாப்பாவுக்கு முதல் கஞ்சி எதில் தெரியுமா? வாழைக்காயில்! ஏத்தங்காயைச் சீவி, காய வைத்து, பொடித்துக் காய்ச்சுகிறார்கள். கேரளத்திலும் இதே கதைதான்!

இலங்கையில் 1973லிருந்து தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கப்படும் சத்துமாவின் பெயர் திரிபோஷா. சோளமும் சோயாவும் கலந்தது. யாழ்ப்பாணத்தில் அதை உருண்டை பிடித்துத் தின்று வளர்ந்தவர்களைக் கேளுங்கள். இப்போதும் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள்!

நம் அங்கன்வாடி தொடங்கிய நாள் எது? 1975 அக்டோபர் 2. காந்தி பிறந்தநாள்! அன்றைக்கு நாடு முழுவதற்கும் சேர்த்து எத்தனை வட்டாரங்கள்? வெறும் 33!

ஜப்பானில் பாப்பாவின் முதல் சோறு எப்படி? ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர். அந்தக் கஞ்சிக்குப் பெயரே 'பத்து மடங்குக் கஞ்சி'! பாப்பா வளர வளர ஏழு மடங்கு, ஐந்து மடங்கு என்று இறங்கும். பெயரிலேயே அளவு. மறக்கவே முடியாது!

அதே ஜப்பானில் நூறாவது நாள் குழந்தைக்குப் பெரிய விருந்து வைக்கிறார்கள். முழு மீன், சூப், சோறு எல்லாம் உண்டு. தட்டில் ஒரு கூழாங்கல்லும் உண்டு! குச்சியால் கல்லைத் தொட்டுக் குழந்தையின் ஈறில் ஒற்றுவார்கள். பல் கல் மாதிரி உறுதியாக வரவேண்டுமாம். இத்தனைக்கும் பாப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடாது. எல்லாம் பாவனை! விருந்தை மற்றவர்கள்தான் ஒரு கை பார்ப்பார்கள்!

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா. அங்கே 1950களில் விஞ்ஞானிகள் ஏழைக் குழந்தைகளுக்காக உருவாக்கிய மாவு 'இன்காபரினா'. எதில் செய்தார்கள்? மக்காச்சோளம், கூடவே பருத்திக்கொட்டை மாவு! உலகம் வாயைப் பிளந்தது. மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். தெருமுனையில் பருத்திப்பால் குடிக்கிற ஊராயிற்றே!

கானாவில் 1930களில் பணியாற்றினார் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். வயிறு வீங்கி, முடி செம்பட்டையாகி வந்த குழந்தைகளைக் கண்டார். இரண்டாவது குழந்தை வந்ததும் பால் மறந்து, வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் விடப்பட்ட மூத்ததுகள்! உள்ளூர் மொழியில் அந்த நோய்க்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. குவாஷியோர்கர். அதையே மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. வியாதிக்குப் பெயர் வைத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பாட்டிகள்!

வேர்க்கடலை விழுது, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துகள். 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி! மெலிந்து கிடக்கும் குழந்தைகளைத் தூக்கி நிறுத்தும் 'பிளம்பி நட்' 1996ல் பிரான்சில் பிறந்தது. யோசனை எங்கிருந்து வந்தது? ரொட்டியில் தடவும் சாக்லேட் கிரீம் பாட்டிலிலிருந்து!

வயிற்றுக்குள்ளேயே மெனு கார்டு!

பாப்பா முதன்முதலில் ருசி பார்ப்பது ஆறாவது மாதத்தில் என்று நினைக்கிறீர்களா? அதற்கு முன்பே, அம்மா வயிற்றுக்குள்ளேயே பார்த்தாச்சு!

அமெரிக்காவில் ஜூலி மெனெல்லா குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்மார்கள் வாரம் நான்கு நாள் கேரட் ஜூஸ் குடித்தார்கள். மூன்று வாரம் மட்டும். மாதங்கள் கழித்து அந்தக் குழந்தைகளுக்குக் கேரட் கலந்த உணவு ஊட்டினால்? மற்றக் குழந்தைகளைவிட முகம் சுளிப்பது குறைவு! 2001ல் வெளியான முடிவு இது.

2022ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. கர்ப்பிணிகளுக்குக் கேரட் தூள் மாத்திரை. ஸ்கேனில் பார்த்தால் வயிற்றுக் குழந்தையின் முகத்தில் சிரிப்பு! இன்னொரு பிரிவினருக்குக் கசப்பான கேல் கீரைத் தூள். அந்தக் குழந்தைகள் முகத்தில் அழுகைச் சாயல்! பிறக்கும் முன்பே 'கீரையா, எனக்கு வேண்டாம்'!

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கிறோமே. பால் நாறாதா என்று கேட்கும் நாகரிகத் தாய்மார்களே, கேளுங்கள். 1991ல் சோதித்துவிட்டார்கள். அம்மா பூண்டு சாப்பிட்ட நாளில் குழந்தை மார்பில் அதிக நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது!

தாய்ப்பாலில் குளுட்டமேட் பசும்பாலில் இருப்பதைப்போல் பல மடங்கு. தக்காளியிலும் காளானிலும் நாக்கை இழுக்கிறதே ஒரு ருசி, அதேதான்! தக்காளி போட்ட பருப்புச் சாதத்துக்குப் பாப்பா வாயைப் பிளப்பது சும்மாவா?

இனி உலகத்திலேயே விசித்திரமான மெஸ். 1926ல் அமெரிக்க டாக்டர் கிளாரா டேவிஸ் தொடங்கினார். 15 குழந்தைகள். 34 வகை உணவு. எல்லாம் எளிமையான பொருள்கள். சர்க்கரை போட்ட பண்டம் எதுவும் கிடையாது. கிண்ணங்களைக் குழந்தை முன்னால் வைத்துவிட்டு நர்ஸ் கரண்டியோடு சும்மா உட்கார வேண்டும். சிபாரிசு செய்யக்கூடாது, முகம் காட்டக்கூடாது. குழந்தை எதைக் கேட்கிறதோ அதை மட்டும் ஊட்ட வேண்டும்!

என்ன நடந்தது? ஒரு குழந்தை காலைச் சாப்பாட்டுக்கு அரை லிட்டர் ஆரஞ்சு ஜூஸும் ஈரலும் எடுத்தது! இன்னொன்று ராத்திரி பல முட்டை, வாழைப்பழம், பால்! உப்பை எடுத்து வாயில் போட்டு, திணறி, கண்ணீர் விட்டு அழுது... மறுபடி உப்புக்கே கை நீட்டின சில! அத்தனை கோணங்கித்தனத்துக்குப் பிறகும் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன!

அந்த மெஸ்ஸின் ஹீரோ ஒரு பையன். வந்தபோது எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய். அவன் தட்டில் மட்டும் மீன் எண்ணெயும் வைத்தார்கள். யாராவது விரும்பிக் குடிப்பார்களா அந்த நாற்றத்தை? அவன் குடித்தான். தானாகவே குடித்தான். எலும்பு சரியானதும் நிறுத்திவிட்டான்! எப்படித் தெரிந்தது அவனுக்கு? என்னைக் கேட்காதீர்கள்!

வேர்க்கடலை கொடுக்கலாமா, கூடாதா? ஒவ்வாமை வருமே என்று தள்ளிப் போட்டார்கள் வெள்ளைக்காரர்கள். இஸ்ரேலில் குழந்தைகள் சின்னதிலேயே ஒரு கடலைத் தின்பண்டம் கொறிக்கின்றன. பெயர் பம்பா. நம் சபரிமலைப் பம்பா இல்லை! பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளோடு ஒப்பிட்டால், கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் பத்தில் ஒரு பங்குதான்!

விடுவார்களா லண்டன் விஞ்ஞானிகள்? ஒவ்வாமை வரக்கூடிய 640 குழந்தைகளைப் பிடித்தார்கள். ஒரு பாதிக்குச் சின்னதிலேயே கடலை. மறுபாதிக்குக் கிடையாது. ஐந்து வயதில் பார்த்தால், கடலை தின்ற கூட்டத்தில் ஒவ்வாமை 81 சதவீதம் குறைவு! 2015ல் வந்த இந்த முடிவைப் பார்த்து உலகம் தன் பரிந்துரையையே திருப்பிப் போட்டது. ஆனால் முழுக் கடலை ஆகவே ஆகாது. தொண்டையில் அடைக்கும். நைசாக அரைத்த விழுதுதான்! பாப்பாவுக்கு வேறு ஒவ்வாமையோ கரப்பானோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தேன் நல்லதுதானே? நமக்கு நல்லது! ஒரு வயதுக்குள் குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். குழந்தையின் குடலில் அது முளைத்து விஷம் கக்கும். கழுத்து துவளும், மூச்சு தடுமாறும். காய்ச்சினால் போகாதா? கொதிநீரையும் தாங்கும் வித்து அது! இந்த நோயை 1976ல்தான் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். பிறந்த குழந்தை நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் பெரியப்பாக்களே, மன்னிக்க வேண்டும்!

வசம்புக்கு இன்னொரு பெயர் 'பிள்ளை வளர்ப்பான்'. ராத்திரியில் பெயரைச் சொல்லக்கூடாது என்று 'பேர் சொல்லா மருந்து' என்றும் வைத்தார்கள். டாக்டர்களும் அதன் பெயரைச் சொல்வதில்லை. 'கொடுக்காதீர்கள்' என்று மட்டும் சொல்கிறார்கள்!

பாப்பாவின் மூக்கு நுனி மஞ்சளாக இருக்கிறதா? உள்ளங்காலும் மஞ்சளா? பதறுவதற்கு முன் கண்ணைப் பாருங்கள். வெள்ளை விழி வெள்ளையாகவே இருக்கிறதா? கேரட், பரங்கி, பப்பாளி என்று மாற்றி மாற்றி ஊட்டியிருப்பீர்கள். காய்கறி நிறம் தோலில் ஏறியிருக்கும்! கொஞ்ச நாள் குறைத்தால் தானாகப் போய்விடும். கண்ணும் மஞ்சளா? அது காமாலை. உடனே டாக்டரிடம் ஓடுங்கள்!

பீட்ரூட் ஊட்டினீர்களா? மறுநாள் காலை துணி மாற்றும்போது அலறாதீர்கள். அது ரத்தம் இல்லை. நேற்றைய மெனு!

டப்பாவுக்குள் வந்த கதை

1927. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். சமையலறையில் டோரதி கெர்பர் பட்டாணியை வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து போனார். ஏழு மாதக் கைக்குழந்தை சாலிக்காக. கணவரிடம் சொன்னார், 'நீங்களும் ஒருநாள் செய்து பாருங்கள்!' கணவர் குடும்பம் வைத்திருந்ததோ டப்பா உணவுத் தொழிற்சாலை. அடுத்த வருடமே கடையில் பேபி ஃபுட்! ஒரு அம்மாவின் கைவலி, ஒரு உலக வியாபாரம்!

அந்த டப்பாவில் இருக்கும் குழந்தை முகம் யாருடையது? ஆன் டர்னர் குக். நாலைந்து மாதக் குழந்தையாக இருந்தபோது பக்கத்து வீட்டு ஓவியர் கரித்துண்டால் வரைந்தது. பல பத்தாண்டுகள் அவர் யார் என்பது ரகசியம்! பள்ளி ஆசிரியையாக இருந்து, துப்பறியும் நாவல் எழுதி, 2022ல் காலமானபோது அந்தப் 'பாப்பா'வுக்கு வயது 95!

இந்தியாவில் அப்படி ஒரு படம் போட்டால்? ஜெயில்! 1992ல் வந்த சட்டம். குழந்தைப் பால் பவுடர் டப்பாவில் குழந்தைப் படமோ தாய் படமோ கூடாது. 2003ல் இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயதுக்குள்ளான குழந்தைகளின் டப்பா உணவுக்கு விளம்பரமே கிடையாது. டி.வி.யில் பார்த்திருக்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள்!

கனடாவில் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் 1930 வாக்கில் உருவாக்கிய மாவு 'பாப்லம்'. கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளம். அப்புறம் எலும்புத் தூள். அப்புறம் குதிரைமசால்! ஆமாம், குதிரைக்குப் போடுவோமே, அதே பயிர். விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் 25 வருடம் மருத்துவமனைக்கு ராயல்டி!

எருமைப்பாலில் குழந்தை உணவு செய்ய முடியுமா? 'முடியவே முடியாது' என்றார்கள் மேல்நாட்டு நிபுணர்கள். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950களில் செய்தே காட்டியது. அமுல் அதை டப்பாவில் அடைத்தது!

ஜெர்மனியில் பவேரியா. ஏறத்தாழ மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய குழந்தைக் கல்லறைகள். உள்ளே மூக்கு வைத்த குட்டி மண் கிண்ணங்கள். என்னவோ ஏதோ என்று ஒட்டியிருந்த கறையைச் சோதித்தார்கள். ஆடு மாடுகளின் பால் கொழுப்பு! 2019ல் வந்த செய்தி. இதே காலத்து வேறு சில கிண்ணங்கள் விலங்கு வடிவத்தில் இருக்கின்றன, கால் வைத்து, காது வைத்து! விளையாட்டுக் காட்டி ஊட்டுவது நேற்று வந்த பழக்கம் என்றா நினைத்தீர்கள்?

நம் வீட்டு மூக்குக் கிண்ணம்? பாலாடை! சங்கு என்றும் சொல்வோம். ஃபீடிங் பாட்டில் வந்ததும் பரணில் தூக்கிப் போட்டோம். குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் பாட்டிலைவிட அதுவே பரவாயில்லை என்று மருத்துவமனைகள் கீழே இறக்கிவிட்டன. இங்கிலீஷ் மருத்துவ இதழ்களில் அதன் பெயர் என்ன தெரியுமா? 'பாலாடை'யேதான்! மொழிபெயர்க்கவே இல்லை!

குழந்தை தானே அள்ளித் தின்னட்டும், ஊட்டாதீர்கள் என்று மேல்நாட்டில் ஒரு புது அலை. 2008ல் புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. புதுசா? புறநானூறு 188ஆம் பாட்டைப் பாருங்கள். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. நெய்ச்சோற்றில் கையை விட்டு, மேலெல்லாம் பூசிக்கொண்டு, ஒரு குழந்தை அமர்க்களம் பண்ணுகிறது! அது இல்லாத வாழ்க்கை வெறும் வாழ்க்கை என்கிறார் ராஜா. துணி துவைத்தது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை!

பல் இல்லாத வாய் எப்படி மெல்லும்? ஈறு இருக்கிறதே! உங்கள் விரலைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்! நன்றாக வெந்த இட்லியும் சாதமும் அதற்கு ஜுஜுபி.

சமைத்த குழந்தை உணவை எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்? இரண்டு மணி நேரம். சூடான நம் ஊர் மதியத்தில் சில கிருமிகள் இருபதே நிமிடத்தில் இரட்டிப்பாகும். மூன்று மணி நேரம் விட்டால்? ஒன்று, 512 ஆகியிருக்கும்!

ஒரு வருத்தமான எண்ணும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, ஆறு முதல் 23 மாதம் வரையிலான இந்தியக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது எத்தனை பேருக்கு? நூற்றுக்கு 11!

கடைசி முத்து. புது உணவை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள எத்தனை முறை கொடுக்க வேண்டும்? எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து! ஆனால் நாம் மூன்றாவது முறையிலேயே 'இதுக்குப் பரங்கி பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். என் தம்பி மகளுக்கு நேற்று ஏழாவது முறை பரங்கிக்காய் ஊட்டினேன். ஆறு முறையும் என் புடவைக்கு. நேற்று வாயில் வைத்து, ஒரு நிமிடம் யோசித்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே... துப்பினாள். பரவாயில்லை. இன்னும் எட்டு தடவை பாக்கி இருக்கிறது!